படுத்துக் கிடந்து கேட்ட தேசிய கீதம்

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவன் கூப்பிட்டு, "அண்ணே, டிரில் சாரைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க, நீங்கதான் அவருக்குச் செல்லப்பிள்ளையாமே" என்றான். செல்லப்பிள்ளை என்பது எனக்கே புதுச் செய்தி. எனக்குத் தெரிந்து நான் அவருடைய நோயாளி. ஒன்பதாம் வகுப்பு முழுக்க எனக்குக் கை முறிந்திருந்தது, தலை உடைந்திருந்தது, பாம்பு கடித்திருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மணி அடித்ததும் எல்லாம் குணமாகிவிடும்.

சார் போன சித்திரையில் தவறிவிட்டார். நம்ம 85 பேட்ச் வாட்ஸாப் குழுவில் படம் வந்தது, கீழே வரிசையாகக் கும்பிடு. நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு சைட்டுக்குப் போனேன். மஸ்கட்டில் அன்று கான்கிரீட் போடுகிற நாள், லீவு கேட்க முடியாது. கேட்டாலும் அடக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது.

இளைய பேட்ச்காரர்களுக்கு அவரை விசிலாகவும் பிரம்பாகவும்தான் தெரிந்திருக்கும். ஜே.ஆர்.சி., அதாவது ஸ்கூல் பிள்ளைகளுக்கான ஜூனியர் ரெட் கிராஸ், அந்தப் பொறுப்பை அவர் விரும்பி எடுக்கவில்லை. கணக்கு சாருக்கு டியூஷன், தமிழையாவுக்கு இலக்கிய மன்றம், சயன்ஸ் டீச்சருக்குக் கைக்குழந்தை. மிச்சம் இருந்தது இவர். ஆபீஸ் ரூம் பீரோ மேலே கிடந்த மரப்பெட்டியை இறக்கித் திறந்தபோது, கரையான் தின்றது போக மீந்த கட்டுத்துணி, மூடி இறுகிப்போன டிங்சர் குப்பி, துருப்பிடித்த ஊக்கு, அவ்வளவுதான். வேறொருவராக இருந்தால் மூடி மறுபடி பீரோ மேலேயே வைத்திருப்பார். இவர் வீட்டிலிருந்து பழைய வேட்டி கொண்டுவந்து, மீட்டர் சதுரமாகக் கிழித்து, மூலைக்கு மூலை வெட்டி, சதுரத்துக்கு இரண்டாக முக்கோணக் கட்டுகள் தயாரித்தார். "எஸ்மார்க்னு ஒரு ஜெர்மன் பட்டாளத்து டாக்டர் பரப்பின வித்தைலே இது. அவன் துணியில எப்படிக் கட்டணும்னு படமே அச்சடிச்சுக் குடுத்தான். நமக்கு வேட்டிக்கரை போதும்."

மே 8 செஞ்சிலுவை நாள், ஹென்றி டுனான்ட் பிறந்த நாள். அது வருஷா வருஷம் கோடை லீவில் வந்து விழுகிறது என்பதில் சாருக்குத் தீராத மனக்குறை. அதனால் ஹெச்.எம். அசெம்பிளிக்குத் தாமதமாகும் நாளெல்லாம் அவருக்குச் செஞ்சிலுவை நாள்தான். 1859-இல் தன் வியாபாரக் காரியமாகப் போன மனிதன் சொல்பரினோ சண்டையில் குற்றுயிராகக் கிடந்தவர்களைக் கண்டு, வந்த காரியத்தை விட்டுவிட்டு, அந்த ஊர்ப் பெண்களைக் கூட்டி எந்தப் பட்டாளத்தான் என்று பார்க்காமல் கட்டுப் போட்ட கதையை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! பிரேயர் லைனில் நின்ற எல்லோரும் டுனான்ட் குளச்சல்காரர் என்று நம்பும் அளவுக்குக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் டுனான்டைவிட அவருக்கு முக்கியம் காப்பித்தூள். அதாவது, அதன் மேல் இருந்த பகை. நம்ம வீடுகளில் ரப்பர் பால்வெட்டுக் கத்தி கையைக் கிழித்தாலும், பாளை அரிவாள் தொடையைக் கீறினாலும், அடுக்களையிலிருந்து முதலில் ஓடி வருவது காப்பித்தூள் டப்பா. அது இல்லாத வீட்டில் சுண்ணாம்பு. அதுவும் இல்லையென்றால் உத்தரத்திலிருந்து எட்டுக்கால் பூச்சி வலை. "காப்பித்தூள் காப்பிக்குலே! காயத்துக்குத் தண்ணி, ஓடுத தண்ணி. நீங்க தூவினதையெல்லாம் டாக்டர் தோண்டி எடுத்துட்டுத்தான் தையல் போடணும்" என்பார். சின்னக் காயமென்றால் தண்ணீரைத் திறந்துவிட்டு மண் போகக் கழுவு, சுற்றிலும் சோப்பு போடு, சுத்தத் துணியால் மூடு, டி.டி. ஊசி போட்டாச்சா என்று கேள். ரத்தம் கொட்டுகிறதென்றால் கழுவிக்கொண்டு நிற்காதே, முதலில் அமுக்கு. நாய் கடித்தால் மட்டும் பேச்சே வேண்டாம், கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. இதில் ஒரு வரிகூட இன்றுவரை பழசாகவில்லை.

இனி என் மானம் போன கதை. எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் பாதிக்கப்பட்டவன் தரப்பு இதுவரை எங்கும் பதிவாகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அசெம்பிளியில், ஹெச்.எம். வரும்வரைக்கான பாடம் ஷாக். ஒல்லியான பையன் வேண்டும் என்று என்னை இழுத்து மண்ணில் படுக்கப் போட்டார். இரண்டு காலையும் தூக்கி சத்துணவு டீச்சரின் ஸ்டூலில் வைத்தார். உடம்புச் சூடு இறங்காமல் இருக்க, அரிசிச் சாக்கு ஒன்றை மேலே போர்த்தினார். மைக்கைப் பிடித்து ஆரம்பித்தார்: "உள்ளயோ வெளியயோ ரத்தம் நெறையப் போனா, மிச்சம் இருக்கது மூளைக்கும் மத்த உறுப்புக்கும் போதுமான அளவு போய்ச் சேராது. மொகம் வெளுக்கும். தோலு குளுந்து பிசுபிசுன்னு வேர்க்கும். நாடி மெலிசா, வேகமா ஓடும். ரொம்பத் தாகம் எடுக்கும். கேக்கான்னு தண்ணி, சோடா, அக்கானி, ஒண்ணும் குடுக்கப்பிடாது. உதட்ட நனைக்கலாம். எழுப்பி உக்கார வைக்கப்பிடாது." சாக்கின் ரேஷன் அரிசி வாடை, உள்ளே ஊர்ந்த ஒரு கட்டெறும்பு, பெண்பிள்ளைகள் வரிசையிலிருந்து வந்த சிரிப்பு. எனக்கு முகம் வெளுக்கவில்லை, சிவந்துதான் போயிருக்கும்.

அன்றைக்கென்று ஹெச்.எம். சீக்கிரம் வந்துவிட்டார். வந்ததும் கையைக் காட்டினார், பாடுகிற மூன்று பேரும் தேசிய கீதத்தை எடுத்துவிட்டார்கள். ஸ்கூல் முழுக்க விறைத்து நிற்கிறது. நான் சாக்கை விலக்கி எழும்பப் பார்த்தேன். விறைப்பாக நின்றபடியே, உதடு அசையாமல், சார் சொன்னார்: "எழும்பப்பிடாதுலே." 52 வினாடியில் பாட வேண்டியது என்று விதி. நம்ம பாடகிகள் எவ்வளவு இழுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை நேரமும் மண்ணில் மல்லாந்து, காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு, அயனி மரத்து இலைகளைப் பார்த்தபடி கிடந்தேன்.

இரண்டு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார் ஹெச்.எம்.

"அவன் ஏன் எழும்பல?"

"ஷாக்ல கெடக்கவன எழுப்பினா மயங்கி விழுவான் சார்."

"அவன் நெசமாட்டா ஷாக்ல கெடந்தான்?"

"செஞ்சு காட்டுததுன்னு வந்தாச்சுன்னா நெசம்தான் சார்."

அன்றிலிருந்து நான் 'ஷாக்கு'. வாட்ஸாப் குழுவில் இன்றும் அப்படித்தான். இரண்டு பேரப்பிள்ளை எடுத்தாயிற்று.

இவ்வளவு சொல்லிக் கொடுத்தவருக்கு ரத்தத்தைக் கண்டால் ஆகாது என்பது மதில் சம்பவத்தில்தான் தெரிந்தது. மேல மதிலில் குப்பிச்சில்லு பதித்த பகுதியை ஏறிச் சாடிய பத்தாம் வகுப்புப் பையனுக்கு உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்துவிட்டது. ஓடி வந்த சார் ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு முகத்தைக் கொடிக்கம்பத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, அதைப் பார்த்தே கட்டளை போட ஆரம்பித்தார். "உள்ள சில்லு இருக்கான்னு பாரு. பெருசா குத்தி நின்னா புடுங்கப்பிடாது, ரெண்டு சைடும் அமுக்கு. இல்லியா? அப்போ துணிய மடக்கி வச்சு நேரா அமுக்கு. தொறந்து தொறந்து பாக்காத, உறையுத ரத்தம் பிஞ்சு வந்துரும். நனையுதா? எடுக்காண்டாம், அதுக்கு மேல இன்னொண்ணு வை." கட்டுப் போடும் போட்டியில் பரிசு வாங்கிய நான் பக்கத்தில் ஊக்கு வைத்துக்கொண்டு நின்றேன். அமுக்கியது கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன். தட்டை முடிச்சு போடத் தெரியாமல் வாரா வாரம் பிரம்படி வாங்கியவன். டாக்ஸி வரும்வரை, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசல்வரை, அவன் கையை எடுக்கவில்லை.

நான் 1992-இல் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். சர்டிபிகேட் ஃபைலில் அந்தப் பரிசுச் சான்றிதழும் இருந்தது. ஒரு ஏஜென்டும் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே கம்பெனியில் முதலுதவி வகுப்பு கட்டாயம். பிலிப்பைன்ஸ் நர்ஸம்மா ஒருவர் நடத்துகிறார், நல்ல தெளிவு. சாருடைய பாடத்தில் சில மாறியிருக்கின்றன. ரத்தம் வரும் கையைத் தூக்கிப் பிடி, மேலே ரத்தக்குழாயை விரலால் நெரி என்பதற்கெல்லாம் இப்போது அவ்வளவு மதிப்பில்லை. காயத்தின் மேலேயே பலமாக அமுக்குவதுதான் முதலும் முக்கியமும். கையையோ காலையோ இறுக்கிக் கட்டும் டூர்னிகே கட்டை, "கையக் காவு குடுக்கத் துணிஞ்சாத்தான் கட்டணும், கால் மணிக்கு ஒருக்கா தளத்தணும்" என்று சார் பயமுறுத்துவார். இப்போதோ, அமுக்கியும் நிற்காத ரத்தத்துக்கு அதைத் தயங்காமல் கட்டு, காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல். கட்டிய நேரத்தை எழுதிவை, டாக்டர் வரும்வரை தளர்த்தாதே என்கிறார்கள். ஷாக்குக்குக் காலைத் தூக்கி வைப்பது இன்னும் இருக்கிறது, கால் முறிவோ முதுகெலும்பில் அடியோ இல்லாவிட்டால். இதையெல்லாம் லீவில் வரும்போது சாரிடம் சொல்லிச் சண்டை போட வேண்டும் என்று வைத்திருந்தேன். லீவுகள் கல்யாணத்துக்கும் வீடு பால் காய்ச்சுவதற்கும் சரியாகப் போயின. படித்ததை வைத்து இங்கே நான் செய்வதெல்லாம் பிளாஸ்டர் ஒட்டுவது. பெரிதாக ஏதாவது என்றால் சைட் கிளினிக்கிலிருந்து ஆள் வந்துவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று நான் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று தெரிந்த பெயர்கள் எல்லாம் தெரியாத நாட்டுச் சேனல்களில். அப்போது சார் ரிட்டயர் ஆகிவிட்டார். பழைய மரப்பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு குளச்சலுக்குப் போனாராம். தகரமும் ஓடும் கிழித்த கால்களுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு பல நாள் அங்கேயே இருந்தாராம். சொன்னது கடைசி பெஞ்சுக்காரன், அவனும் கூடப் போயிருந்தான். "அப்பவும் மொகத்தத் திருப்பிக்கிட்டாரா?" என்று கேட்டேன்.

"திருப்பதுக்கு அங்க எடம் எங்க மக்கா இருந்தது?" என்றான்.

அவன் இப்போது ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறான். போன வருஷம் எங்கம்மா குளிமுறியில் வழுக்கி விழுந்து நெற்றி கிழிந்தபோது முதலில் வந்து சேர்ந்ததும் அவன்தான். தலைத்தோல் கிழிந்தால் ரத்தம் அதிகமாகவே வரும், பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா டப்பாவோடு வந்திருக்கிறாள், "காப்பித்தூள் காப்பிக்கு" என்று அவளை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறான். தன் தோர்த்தை மடக்கி வைத்து அமுக்கி, அம்மாவைப் படுக்க வைத்து, போர்த்திவிட்டு, 108-க்குச் சொன்னான். அவ்வளவு நேரமும் நான் வீடியோ காலில், "அமுக்கிப் புடிக்கச் சொல்லு, அமுக்கிப் புடிக்கச் சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

சார் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு. ஆளுயரப் படமும் கல்வெட்டும் என்கிறார்கள் சிலர். என் ஓட்டு கட்டுத்துணிக்கு. ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு பெட்டி, பால்வெட்டுக்குப் போகிற ஊர்களில் ஒவ்வொன்று, அத்தோடு டிரைவர்களுக்கு ஒருநாள் வகுப்பு. அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு தூக்கிப்போய்ச் சேர்த்தவர் மேல் வழக்கு வராதபடி 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே திருத்தம் கொண்டுவந்தாகிவிட்டது, அதையும் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டலாம். பாதிப் பேர் தயங்குவது ரத்தத்தைப் பார்த்தல்ல, போலீஸை நினைத்து. வகுப்பெடுக்க வெளியாள் தேவையில்லை, கடைசி பெஞ்சுக்காரன் போதும். மாறிப்போன பாடங்களை நான் நாலு பக்கத்தில் எழுதி அவனுக்கு அனுப்பினேன். "பேப்பர ஆட்டோக்காரன் எவன் படிப்பான்? நீ எப்ப வாற?" என்று பதில் வந்தது.

மே மாதம் ஸ்கூல் ஹால் சும்மா கிடக்கும் என்பதால் வகுப்பை அப்போது வைத்திருக்கிறார்கள். எனக்கு லீவு ஜூலையில். ஹால் வாடகையும் துணிக்காசும் அனுப்பிவிட்டேன்.