118 ஜிபி எங்கே, 375 ஜிபி எங்கே?

கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு வித்தியாசம் வந்தால் தூக்கம் வராது. சிவகாசியில் நான்கைந்து அச்சகங்களுக்கு வரிக்கணக்கு பார்க்கிறேன். ஜூலை நெருக்கடி தொடங்கும் முன் அலுவலகக் கணினியை முழுதாக இமேஜ் எடுத்துவிட, அதாவது டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு பிரதியாக்கிவிட நினைத்தேன். சி டிரைவில் நிரம்பியிருந்தது 118 ஜிபி. வெளி ஹார்ட் டிஸ்க்கில் 375 ஜிபி காலி. மும்மடங்கு இடம் இருக்கிறதே என்று இரவில் குளோன்ஸில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளை ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால், இடம் போதவில்லை என்று பாதியில் நின்றிருந்தது.

குற்றம் என்னுடையதுதான். ஒன்றையும் விடக் கூடாது என்ற ஆசையில், டிஸ்க்கைச் செக்டார் செக்டாராக (சிறு சிறு கட்டங்களாக) அப்படியே நகலெடுக்கும் முறையைத் தேர்ந்திருந்தேன். அந்த முறைக்குக் கோப்பு எது, காலி இடம் எது என்று தெரியாது. 500 ஜிபி டிஸ்க் என்றால் 500 ஜிபியையும் படிக்கும். மென்பொருள் எடுப்பதைச் சுருக்கித்தான் வைக்கும்; காலி இடம்தானே, சுருங்கிவிடும் என்று நம்பியிருந்தேன். ஆனால் என் கணினியில் இருக்கும் டிஸ்க் முன்பு மச்சானின் ஸ்டுடியோவில் இருந்தது. எனக்குத் தரும்போது 'குவிக் ஃபார்மட்' மட்டும் செய்திருந்தார். பேரேட்டின் முன்பக்க அட்டவணையை மட்டும் மாற்றி எழுதினால் உள்ளே இருக்கும் பக்கங்கள் கிழிந்துவிடுமா? யார் யாருடைய கல்யாண வீடியோக்களோ இன்னும் அந்தக் 'காலி' இடத்தில் கிடந்தன. அத்தனையையும் சிரத்தையாக பேக்அப் எடுத்திருக்கிறேன்.

அடுத்த முறை, நிரம்பிய இடத்தை மட்டும் எடுக்கும் வழக்கமான முறைக்குத் திரும்பினேன். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பமைப்பு, டிஸ்க்கில் எந்த இடம் பயனில் இருக்கிறது என்று ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. மென்பொருள் அதைப் பார்த்து மற்றதைத் தாண்டிவிடும்.

அதற்கு முன் இன்னொரு வித்தியாசம் உறுத்தியது. சி டிரைவில் கண்ணுக்குத் தெரியும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கூட்டினால் 97 ஜிபி. விண்டோஸ் சொல்வது 118. மீதி 21 எங்கே? மறைந்திருக்கும் கோப்புகளில். பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் வைத்திருக்கும் மீட்புப் புள்ளிகள் ஒரு பங்கு, ரேம் போதாதபோது உதவும் பேஜ் ஃபைல் ஒரு பங்கு. கணினி உறக்கநிலைக்குப் போகும்போது ரேமில் இருப்பதை எழுதிவைக்கும் உறக்கநிலைக் கோப்பு மட்டும் ஆறரை ஜிபி போல. என் கணினியின் ரேம் 16 ஜிபி, அதில் சுமார் 40 சதவீதத்தை விண்டோஸ் அதற்கு ஒதுக்குகிறது. உறக்கநிலை வசதியை நிறுத்தியதும் அந்தக் கோப்பு தானாகவே போய்விட்டது. கணக்கு நேரானது, எனக்கும் மனம் ஆறியது.

இம்முறை இமேஜ் 58 ஜிபிதான் வந்தது.

இதைச் சொன்னதும் மச்சான் தன் கணினியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் நிரம்பியிருந்தது 310 ஜிபி. எனக்குப் பாதியானதால் தனக்கு 155 வரும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். வந்தது 298. மென்பொருளும் அதேதான், அமைப்புகளும் அவையேதான். என் கணினியில் இருப்பவை பெரும்பாலும் லெட்ஜர்கள், நிரல் கோப்புகள். பஞ்சு மூட்டை போல மிதித்தால் அமுங்கும். அவருடையவை ஜேபெக் படங்களும் எம்பி4 வீடியோக்களும். கேமராவிலேயே சுருக்கப்பட்டு வந்தவை. கருங்கல்லை மிதித்தால் கால்தான் வலிக்கும். சுருக்கும் அளவை உச்சத்துக்குக் கூட்டியும் பார்த்தேன்; கூடுதலாக இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

“அப்படியென்றால் 500 ஜிபி டிஸ்க் ஒன்று வாங்கினால் போதுமா, மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

ஒரு பிரதிக்குப் போதும். ஆனால் புது இமேஜ் சரியாக வந்ததா என்று பார்க்கும்வரை பழையதை அழிக்கக் கூடாது. இரண்டுக்கும் இடம் வேண்டும். 1 டிபி (ஆயிரம் ஜிபி) வாங்கச் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொல்லிவைத்தேன்: “விண்டோஸில் 931 என்றுதான் காட்டும். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. 69 ஜிபி குறைகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள், மச்சான்.”