காற்றில்லாத நாளில் வீட்டுக்குள் கடல் ஏறியபோது

கடல் ஊருக்குள் வருகிறது என்றால் புயலும் மழையும் சேர்ந்தே வரும் என்றுதான் வெளியூரில் நினைக்கிறார்கள். 2024 மே முதல் வாரத்தில் குமரி மாவட்ட மேற்குக் கரையில் அப்படி எதுவும் இல்லை. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில் நல்ல வெயில், இலை அசையவில்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றோடு ஏறும் கடலுக்கு நாங்கள் எப்படியோ தயாராக இருப்போம். சித்திரையில் வந்த இது, காற்றும் மழையும் இல்லாமல் கள்ளன்போல் வரும் கள்ளக்கடல்.

எங்கோ தெற்கே, அண்டார்டிகா பக்கம் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்தான் இதைக் கிளப்பிவிடுகிறது. அங்கே எழும் நீண்ட அலை பல நாள் ஓடி நம் கரைக்கு வந்து சேரும். அதனால் வானத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. 2020 முதல் இதற்கென்றே தனி முன்னறிவிப்பு முறை வைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியில் அலை உயரத்தோடு அலைக்கும் அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்றும் இருக்கும். நாங்கள் உயரத்தை மட்டும்தான் பார்ப்போம். ஆனால் முக்கியம் அந்த விநாடிக் கணக்கு. பக்கத்துக் காற்றில் எழும் அலை சில விநாடிக்கு ஒன்று வந்து உடைந்துவிடும். பதினைந்து விநாடிக்கு மேல் என்று போட்டிருந்தால் அது வேறு வகை. கரையில் உடைந்தபிறகும் நிற்காமல் தெருவுக்குள் ஓடிவரும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மைக்கில் அறிவித்தார்கள். ஆண்கள் எல்லாரும் வள்ளங்களை ரோட்டோரம் இழுத்து ஏற்றினார்கள். வலை, எஞ்சின் எல்லாம் மேட்டுக்குப் போனது. எங்கள் மாமி திண்ணையை விட்டு எழவில்லை. "காத்தே இல்லியே மக்ளே, கடல் எதுக்கு ஏறப்போவுது?" அறுபது வருடம் கடலைப் பார்த்தவர் சொல்வதை எப்படித் தட்டுவது? அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் ஏற்றமும், அதாவது தினமும் கடல்மட்டம் உயர்ந்து இறங்குவதில் உயரும் பங்கும், கூடுதலாக இருக்கும். கள்ளக்கடலும் ஏற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் ஆபத்து. ஏற்றம் உச்சத்துக்கு வரும் மணியைப் போனில் காட்டி, அந்த நேரத்துக்கு மட்டும் மண்டபத்தில் இருந்துவிட்டு வரலாம் என்று கெஞ்சித்தான் கூட்டிப்போனேன்.

போகும் முன் செய்தது இதுதான். மெயினை அணைத்தேன். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டினேன். இல்லையென்றால் தண்ணீரில் மிதந்து உருளும். அரிசி, மாவு, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் பரணில். ரேஷன் கார்டு, ஆதார், மீனவர் அட்டை, பட்டா நகல், வங்கிப் புத்தகம் ஒரே பிளாஸ்டிக் கவரில், அது என் தோளில். பிரிட்ஜைத் தூக்க ஆள் போதவில்லை. எங்கள் பங்குக் கோயிலின் அக்கம்பக்க வீட்டுக் குழுவான அன்பியத்துப் பெண்கள் நாலு பேர் வந்து நாற்பக்கமும் செங்கல் வைத்து ஏற்றிவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் அதே வேலை கிடந்தது, ஆனாலும் வந்தார்கள்.

இரவில் தண்ணீர் வந்தது. தடுப்புச் சுவரின் கல் இடுக்குகள் வழியாக முதலில் நுரை, பிறகு மணலோடு கலங்கிய தண்ணீர். வந்தது திரும்பிப் போவதற்குள் அடுத்தது வந்துவிடும். மண்டபத்து வாசலில் நின்ற மாமி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போன செய்தி வந்தது. இந்தக் கரையின் அமைதியான முகத்தைப் பார்த்து இறங்கிய பிள்ளைகள். எச்சரிக்கைப் பலகையில் ஏற்றம், விநாடி எல்லாம் புரிகிற மாதிரி எழுதிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது.

தண்ணீர் வடிந்த பிறகுதான் பெரிய வேலை. அடுப்படியில் முழங்கால் அளவு மணல். கக்கூஸ் குழி நிறைந்து மேலே தள்ளியிருந்தது, அதனால் பிள்ளைகளைச் சுத்தமாகும்வரை உள்ளே விடவில்லை. மணலை அள்ளியபின் சுவர், கதவு, கட்டில் கால் எல்லாவற்றையும் நல்ல தண்ணீர் விட்டு மறுபடி மறுபடி கழுவ வேண்டும். உப்பு நின்றுவிட்டால் பூச்சு பெயரும், ஆணி துருப்பிடிக்கும். சுவிட்ச் போர்டுகளை எலக்ட்ரீசியன் திறந்து கழுவிக் காயவைத்துப் பார்த்தபிறகே மெயினைப் போட்டோம்.

கிணறு விஷயத்தில்தான் ஊரே இரண்டுபட்டது. மோட்டார் வைத்து முழுதாக இறைத்துவிடலாம் என்று பாதிப்பேர் நின்றார்கள். கரையோரக் கிணற்றில் அப்படி இறைத்தால் அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் மேலேறி வந்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் திரும்பத் திரும்ப இறைத்தும் பல கிணறுகளில் உப்பு குறையவில்லை. நாங்கள் மேலே மிதந்த அழுக்கை எடுத்து, கொஞ்சமாக இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, குளிக்கவும் துணிக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். குடிக்க லாரித் தண்ணீர்தான். பருவமழை பிடித்தபிறகு உவர்ப்பு இறங்கியது. வாழை போய்விட்டது, தென்னை தப்பித்தது.

அப்புறம் நிவாரண மனு. படம் எடுக்கும்போது தேதி, மணி தெரிகிற மாதிரியும், மணலின் உயரம் தெரிய ஒரு குடத்தைப் பக்கத்தில் வைத்தும் எடுங்கள். கழுவுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்ததும் மனு நகலில் முத்திரையோடு கையொப்பம் வாங்கிவிடுங்கள். மனு போன இடத்தில் "புயலா, மழை வெள்ளமா?" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. தேசியப் பேரிடர் பட்டியலில் புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் உண்டு, கடலரிப்பு இல்லை. ஆனால் 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குக் கடலரிப்பு, ஆற்றரிப்புத் தடுப்புக்கு 1,500 கோடியும், அரிப்பில் வீடிழந்தவர்களைக் குடியமர்த்தத் தனியாக 1,000 கோடியும் பரிந்துரைத்திருக்கிறது. இதை எழுதி, எல்லா வீட்டுப் படங்களையும் சேர்த்து, ஊர்க் கமிட்டி பெயரில் ஒரே மனுவாக மறுபடி கொடுத்திருக்கிறோம். தனித்தனியாகக் கொடுத்தபோது கிடைக்காத பதிவு எண் இப்போது கிடைத்திருக்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு இன்னொரு மனுவும் தயாராகிறது. அதில் பக்கத்து ஊர்க்காரர்களையும் சேர்த்தே கையெழுத்து வாங்குகிறோம், ஏனென்றால் ஓர் ஊரில் மட்டும் கல் போட்டால் அடுத்த ஊரின் மணல் போய்விடும்.