உயரம் தாண்டுதலுக்கு மட்டும் ஒரு மாலை

சென்னையில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே தடகளப் போட்டிகளில் நடுவராகவும் நிற்கிறேன். பெரும்பாலும் உயரம் தாண்டுதல்தான். மற்றவர்கள் வெயிலில் நீண்ட நேரம் நிற்க வேண்டுமே என்று ஒதுங்கும் இடம் அது. நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். ஐரோப்பாவில் வருடாவருடம் குளிர்காலத்தில், உயரம் தாண்டுதலை மட்டுமே வைத்து உள்ளரங்கில் போட்டிகள் நடத்துகிறார்கள். அவற்றைப் பார்க்க ஆரம்பித்த பிறகு என் வேலையே எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

இங்கே எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று எந்தப் போட்டியாக இருந்தாலும் உயரம் தாண்டுதலுக்கு மைதானத்தில் ஒரு மூலைதான். பெரியமேடு நேரு ஸ்டேடியம் போன்ற நல்ல மைதானத்திலும் ஓடுதளத்தின் வளைவுக்கு உள்ளே இருக்கும் அரைவட்டத்தில்தான், தாண்டியவர்கள் வந்து விழும் மெத்தையான மேட் போடுவோம். நீளமான ரன்-அப் (தாண்டுவதற்கு முன் ஓடிவருவது) உள்ள பையனுக்கு முதல் இரண்டு அடிகள் ஓடுதளத்தின் மேலேயே விழும். 800 மீட்டர் ஓடுகிறவர்கள் அந்த வழியாக வருகிறார்கள் என்றால் அவன் நின்றாக வேண்டும். அவர்கள் தாண்டிப் போனதும் மறுபடி குறியில் கால் வைத்து, மறுபடி மூச்சை இழுத்து, மறுபடி கம்பியைப் பார்க்க வேண்டும். அதற்குள் தொடர் ஓட்டத்துக்கான துப்பாக்கி வெடிக்கும்.

ஒரு மாவட்டப் போட்டியில் நடந்ததை மறக்க முடியவில்லை. 1 மீட்டர் 45-ல் ஒரு மாணவிக்கு இரண்டு முயற்சிகள் போய்விட்டன. மூன்றாவதற்குத் தயாராகிறாள். மைக்கில் அறிவிப்பு வருகிறது: “சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், உயரம் தாண்டுதல் நடுவர்கள் சீக்கிரம் முடித்துக்கொடுக்கவும்.” கூடவே ஒரு தொண்டர் ஓடிவந்து, “ஐந்து ஐந்தாக ஏத்துங்க சார், பரிசளிப்புக்கு நேரமாகுது” என்கிறார், கம்பியை ஐந்தைந்து சென்டிமீட்டராக உயர்த்தச் சொல்லி. அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். “உன் நிமிஷம் இன்னும் தொடங்கலம்மா, அவசரப்படாதே” என்று சொல்லி ரன்-அப் பாதையில் இருந்த கூம்பை எடுக்காமல் நின்றேன். கூம்பை எடுத்தால்தான் அந்த முயற்சிக்கான ஒரு நிமிடக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். மைக் ஓய்ந்த பிறகு எடுத்தேன். அவள் தாண்டினாள். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த அமைதி கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு நடுவர் வேலை கம்பி விழுந்தால் சிவப்புக்கொடி, நின்றால் வெள்ளைக்கொடி, அவ்வளவுதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கம்பியின் நீளம் சுமார் நான்கு மீட்டர். எடை இரண்டு கிலோவைத் தாண்டக்கூடாது. நடுவில் லேசாகத் தொய்யும். அந்தத் தொய்வு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. உயரத்தை அளப்பது அந்தத் தொய்வான இடத்தில்தான். தூண்களுக்கும் கம்பி முனைகளுக்கும் இடையே பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். பிள்ளைகள்மேல் பாசம் உள்ள சில உதவியாளர்கள் கம்பியைத் தூணோடு ஒட்டித் தள்ளி வைப்பார்கள், அப்போது கம்பி எளிதில் விழாதல்லவா! அதை நகர்த்தி வைப்பது என் வேலை. ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் கம்பியின் அதே முகம் மேலே வர வேண்டும். அதற்காக ஒரு முனையில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பேன். கம்பியை வைத்ததும் அது கொஞ்ச நேரம் நடுங்கும். அந்த நடுக்கம் நிற்கும்வரை கூம்பை எடுக்க மாட்டேன்.

சென்னையில் இதோடு கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். மதியத்துக்கு மேல் காற்று திரும்பினால், யாரும் தொடாமலே கம்பி எழுந்து விழும். விதி தெளிவாக இருக்கிறது: வீரர் கம்பியைத் தொடாமல் தாண்டிவிட்டார், அப்புறம் காற்று தள்ளியது என்றால் அது வெற்றிதான், தாண்டுவதற்கு முன்பே காற்று தள்ளினால் புது முயற்சி தர வேண்டும். ஆனால் முதுகு லேசாக உரசியதா, காற்றா என்று ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். உள்ளரங்கில் அந்தப் பிரச்சினையே இல்லை. விழுந்தால் தாண்டியவர் தொட்டதால்தான்.

இப்போது அந்தப் போட்டிகளுக்கு வருகிறேன். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும், நமக்கு இரவு ஒன்பதரை மணிக்கு மேல், செக் குடியரசு, ஸ்லோவாக்கியா பக்கம் நடக்கும் போட்டிகளை இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம். செக் நாட்டின் கிழக்குப் பகுதியில் ஹுஸ்டோபெச்சே, த்ரினெட்ஸ் ஆகிய இரண்டு ஊர்களையும் இணைத்து ‘மொராவியா ஹை ஜம்ப் டூர்’ என்று நடத்துகிறார்கள். அதையொட்டியே ஸ்லோவாக்கியாவின் பான்ஸ்கா பிஸ்த்ரித்சாவில் இன்னொரு பெரிய போட்டி. ஹுஸ்டோபெச்சே வாதுமைத் தோப்புகளுக்கும் திராட்சை மதுவுக்கும் பேர்போன சிற்றூர். மக்கள்தொகை ஏறக்குறைய ஆறாயிரம். நம் சென்னையில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அந்த ஊருக்குத்தான் உலகத்தின் முன்னணி உயரம் தாண்டும் வீரர்கள் வருகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் தென்கொரியாவின் வூ சாங்-ஹியோக். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2.35 மீட்டர் தாண்டி நான்காவதாக வந்தவர். 2022 பிப்ரவரியில் ஹுஸ்டோபெச்சேயில் 2.36 தாண்டித் தன் நாட்டுச் சாதனையைத் தானே முறியடித்தார். பத்து நாள் கழித்து பான்ஸ்கா பிஸ்த்ரித்சாவில் 2.35. அடுத்த மாதம் பெல்கிரேடில் உலக உள்ளரங்கச் சாம்பியன். 2025-லும் அதே பாதைதான்: அந்த இரண்டு ஊர்களிலும் ஜெயித்துவிட்டு நான்ஜிங்கில் 2.31 தாண்டி மறுபடி உலகப் பட்டம். சின்ன வயதில் கார் ஏறி வலது பாதம் நசுங்கியதால் அவருடைய இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இல்லை. இதைச் சொன்னபோது என் மாணவர்கள் சட்டென்று தங்கள் காலைக் குனிந்து பார்த்தார்கள். நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சிறு வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 தாண்டித் தங்கம் வாங்கினார். அதனால் வூவின் கதை அவர்களுக்கு அன்னியமாகத் தெரியவில்லை.

பான்ஸ்கா பிஸ்த்ரித்சாவில்தான் 2021-ல் உக்ரைனின் யாரோஸ்லாவா மஹுச்சிக் 2.06 தாண்டினார். அப்போது அவருக்கு வயது 19. மூன்று வருடம் கழித்து பாரிஸில் 2.10 தாண்டி, 1987-லிருந்து அசையாமல் இருந்த உலக சாதனையை உடைத்தார். அவர் தாண்டுவதைவிட தாண்டாமல் இருக்கும் நேரத்தைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். முயற்சிகளுக்கு நடுவே தூக்கப்பைக்குள் புகுந்து கண்ணை மூடிப் படுத்துவிடுவார். பத்துப் பேர் கலந்துகொள்ளும் போட்டியில் ஒருவர் தாண்டி முடித்தால் அடுத்த முறை வர பத்து நிமிடம் ஆகிவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் உடம்பு ஆறிவிடக் கூடாது, மனசு கொதிக்கவும் கூடாது. இந்த விளையாட்டில் பாதி காத்திருப்பதுதான். நம் மைதானங்களில் பிள்ளைகள் அந்த நேரத்தை நிழல் தேடுவதில் கழிக்கிறார்கள். மதியம் மேட்டின் ரெக்சின் உறை தொட முடியாதபடி கொதிக்கும்; தோள்பட்டையில் சூடு பட்டுவிடும் என்று தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போம்.

ஜெர்மனியின் ஆர்ன்ஷ்டாட்டில் நடந்த போட்டிக்கு இன்னொரு சிறப்பு: தாண்டும்போது பாட்டு ஒலிக்கும். ‘இசையோடு உயரம் தாண்டுதல்’ என்பதே அந்தப் போட்டியின் பெயர். ஜெர்மன் இசைமேதை பாக் இளம் வயதில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த ஊர் அது. பெயர் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. 2006-ல் அங்கேதான் ஸ்வீடனின் காய்சா பெர்க்விஸ்ட் 2.08 தாண்டினார். பெண்களுக்கான உள்ளரங்க உலக சாதனை அது. 1992-ல் ஜெர்மனியின் ஹைக்கே ஹென்கெல் தாண்டிய 2.07-ஐவிட ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடுதல். அந்த ஒரு சென்டிமீட்டருக்குப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. ‘ஐந்து ஐந்தாக ஏத்துங்க’ என்பவர்களைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

தாண்டும்போது பாட்டு எதற்கு என்று முதலில் எனக்கும் தயக்கம் இருந்தது. பிறகு ரன்-அப்பை யோசித்தேன். நேராக ஓடி, வளைந்து, கடைசி மூன்று அடிகள் மட்டும் முந்தைய அடிகளைவிட வேகமாக விழ வேண்டும். அந்த வேக மாற்றம் உடம்பை மேலே தூக்க உதவுகிறது. வாயால் எவ்வளவு விளக்கினாலும் பிள்ளைகளுக்கு அது பிடிபடாது. எங்கள் பள்ளியில் பறை அடிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். ஒரு நாள் பயிற்சியின்போது அவனை மேட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, “முதல்ல நிதானமா அடிடா, அவ வளையும்போது விரட்டு” என்றேன். அன்று மாலை கடைசி அடிகள் எல்லாருக்கும் விரைந்து விழுந்தன. “சார், கால் தானா போகுது” என்றாள் ஒரு மாணவி. நான் அதுவரை பேசிப் பேசிச் சொல்லிக்கொடுக்க முடியாததை அந்தப் பறை சொல்லிக்கொடுத்துவிட்டது.

உயரம் பத்தாது என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. பெற்றோர்களே சொல்கிறார்கள்: “இவன் குட்டைங்க சார், ஓட்டத்துல போடுங்க.” அவர்களிடம் சொல்ல எனக்கு உள்ளரங்கத்திலிருந்தே இரண்டு பெயர்கள் கிடைத்தன. அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் ஜேக்கப்ஸ் 1.73 உயரம்தான், 1978-ல் நியூயார்க் உள்ளரங்கில் 2.32 தாண்டினார். ஸ்வீடனின் ஸ்டெஃபான் ஹோல்ம் 1.81 உயரம், 2005-ல் மாட்ரிட் உள்ளரங்கில் 2.40. இரண்டு பேருமே தங்கள் தலைக்கு மேல் 59 சென்டிமீட்டர் தாண்டியிருக்கிறார்கள். வகுப்பறைச் சுவரில் ஜேக்கப்ஸின் உயரத்துக்கு ஒரு கோடும், அவர் தாண்டிய உயரத்துக்கு ஒரு கோடும் போட்டு வைத்திருக்கிறேன். மேல் கோட்டைத் தொட, நான் பெஞ்சின் மேல் ஏறித்தான் கையை நீட்ட வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த விளையாட்டு மெல்ல எழுந்து வருகிறது. தேஜஸ்வின் சங்கர் 2018-ல் 2.29 தாண்டினார், 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் வெண்கலம் வாங்கினார். சர்வேஷ் குஷாரே 2025 டோக்கியோ உலகப் போட்டியில் 2.28 தாண்டி ஆறாவதாக வந்தார். சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. பாபி அலோஷியஸ் 2004-ல் 1.91 தாண்டித் தேசிய சாதனை படைத்தது இங்கேதான். 2012-ல் சஹானா குமாரி 1.92 தாண்டும்வரை அது நின்றது. இந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஓட்டப் பந்தயங்கள் நடந்துகொண்டிருக்கும் மைதானத்தில் மூலையில் நடக்கும் ஒன்றை யார்தான் கவனிக்கப் போகிறார்கள்?

அதனால்தான் எனக்கு ஹுஸ்டோபெச்சேமேல் இவ்வளவு ஆசை. அங்கே உயரம் தாண்டுதல்தான் அன்றைய நிகழ்ச்சி. வேறு துப்பாக்கிச் சத்தம் இல்லை, குறுக்கே ஓடுகிறவர்கள் இல்லை. வந்த அத்தனை பேரும் ஒரே கம்பியைப் பார்க்கிறார்கள். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. ஒரு கூடம், ஒரு மேட், இரண்டு தூண்கள், ஒரு கம்பி, ஓட இடம், பொறுமையுள்ள நடுவர்கள். சென்னையில் உள்ளரங்க ஓடுதளம் கேட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். உயரம் தாண்டுதலுக்கு ஓடுதளமே தேவையில்லை.

எங்கள் பகுதிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இந்தப் பொங்கல் விடுமுறை முடிந்ததும், செய்முறைத் தேர்வுகளுக்கு முன்னால், அப்படி ஒரு மாலை நடத்தப் போகிறோம். ஒரு பேட்மின்டன் அரங்கின் உரிமையாளர் ஞாயிற்றுக்கிழமை மாலை இடம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ) போட்டு ஏறக்கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. சரி, ரப்பர் அடி வைத்த ஷூ போதும் என்று சொல்லிவிட்டோம். பெண்களுக்கு 1.10-லிருந்து, ஆண்களுக்கு 1.30-லிருந்து தொடக்கம். கம்பியை மூன்று மூன்று சென்டிமீட்டராக ஏற்றுவோம். கடைசி மூன்று பேர் மிஞ்சியதும் இரண்டு இரண்டாக. பாட்டை அவரவரே தேர்ந்தெடுக்கலாம். பறை வேண்டும் என்றால் பறை. பரிசளிப்பை, கடைசிக் கம்பி விழுந்த பிறகுதான் தொடங்குவோம். தலைமை ஆசிரியையிடம் இதை முதலிலேயே பேசி, விருந்தினரையும் போட்டி தொடங்கும்போதே வரச் சொல்லியிருக்கிறோம். மேட்டை ஏற்றிவர குட்டியானை பேசியாகிவிட்டது. ஒரே நடையில் கொள்ளாது, இரண்டு நடை ஆகும் என்கிறார் வண்டிக்காரர். ஃபோம் மடிந்தால் நடுவில் பள்ளம் விழுந்துவிடும் என்பதால், இரண்டு நடை என்றாலும் பரவாயில்லை, மடிக்காமல் ஏற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.