அழுத்தி எழுதிய பக்கம்

மார்ச் 3, திங்கள்

நேற்று எழுதியதைப் புரட்டினால், அடுத்த வெற்றுப் பக்கத்திலும் அதே வரிகள் தடமாகப் பதிந்திருக்கின்றன. பேனாவை அவ்வளவு அழுத்தியிருக்கிறேன். ‘முடியவில்லை’ என்ற சொல்லை விரலால் தடவியே படித்துவிடலாம்.

நடந்தது பெரிய விஷயமில்லை. மகள் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டாள், மேசையில் இருந்த என் காகிதங்கள் நனைந்தன. இன்னொரு முறை அச்செடுத்தால் தீர்ந்தது. ஆனால் நான் கத்தியதில் அவள் துடைக்க எடுத்த துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய அறிக்கை, திருப்பிக் கூப்பிடாத மூன்று போன்கள், சரியாகத் தூங்காத இரண்டு இரவுகள், எல்லாம் சேர்ந்து அந்தக் குழந்தையின் தலையில் இறங்கிவிட்டது.

இன்று காலை மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைம்மா” என்றாள். பாட்டிலை மட்டும் மேசையின் அந்தக் கோடியில் தள்ளி வைத்துக்கொண்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், அவற்றின் உடம்பில் ஒரே மாதிரியான மாற்றங்கள் தெரிந்தன என்பதுதான் செய்தி. மன அழுத்தத்தைப் பற்றி இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்தது. என் மேசையில் நடந்ததும் இதனால்தான் புரிந்தது. எங்கிருந்து வந்த நெருக்கடி என்று உடம்பு அவ்வளவாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்களை விடுகின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. எழுந்து ஓட வேண்டியவருக்கு எல்லாமே உதவும். நான் நாற்காலியில் அல்லவா இருக்கிறேன்.

இன்று மதியம் ஒரு மின்னஞ்சலைப் படிக்கும்போது என்னையே பிடித்துவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தேனோ!

மார்ச் 6, வியாழன்

மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை இது. அதனால் விடும் மூச்சை நீட்டிப் பார்க்கிறேன். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. கூட்டத்துக்குப் போகும் முன் படிக்கட்டில் நின்று மூன்று நிமிடம் செய்தேன். அறிக்கையின் பக்கம் ஒன்றுகூடக் குறைந்துவிடவில்லை. ஆனால் இறுக்கிப் பிடித்திருந்த கை தானாக விரிந்தது.

மார்ச் 7, வெள்ளி

அறிக்கையை அனுப்பிவிட்டேன். தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. மீதி அப்புறம்.

மார்ச் 9, ஞாயிறு

தோழி கூப்பிட்டாள். அவள் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அவள் பேச ஆரம்பித்து இரண்டு வாக்கியம் ஆகியிருக்காது, நான் முந்திக்கொண்டேன்: “எல்லாம் நல்லபடியா நடக்கும், நீ பாசிட்டிவா இரு.” அவள் “ம்” என்றாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சரி, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

அந்த “ம்” நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அவளுடைய பயத்தைக் கேட்க எனக்குத் தெம்பில்லை, அதனால் ஒரு நல்ல வார்த்தையை வைத்து அதன் வாயை அடைத்துவிட்டேன். எனக்கு நானே பல வருஷமாகச் செய்துவருவதும் இதுதான். எரிச்சல் வந்தால் ‘நல்லதை நினை’ என்று மூடி வைப்பது. மூடி வைத்தது தண்ணீர் பாட்டிலைச் சாக்காக வைத்து வெளியே வரும்.

2007இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் செய்த மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. படத்தில் இருக்கும் முகத்தைப் பார்த்து, அது கோபமா பயமா என்று பெயர் சொன்னபோது, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் கிளர்ச்சி தணிந்ததாம். பெயர் சொன்னாலே போதும், அது கொஞ்சம் அடங்குகிறது. நல்ல மனநிலை என்று நான் இவ்வளவு நாள் நினைத்திருந்ததில் இந்த முதல் படியையே விட்டுவிட்டேன். பயமாக இருக்கிறது என்று ஒருத்தி சொல்லி முடிக்க இடம் விட வேண்டும். நம்பிக்கைக்கு அதற்கப்புறம்தான் வேலை.

மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

படுத்ததும் முடிக்காத வேலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. முடித்ததைவிட பாதியில் விட்டதே மனதில் நிற்கும் என்று உளவியலாளர் ப்ளூமா சைகார்னிக் 1927லேயே எழுதியிருக்கிறார். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் அடுத்து வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். ‘வேலையை முடிக்கணும்’ என்று மொட்டையாக எழுதினால் பலிக்கவில்லை. ‘9 மணிக்கு முதல் போன்’ என்று எழுதினால் மனசு விட்டுவிடுகிறது.

மார்ச் 15, சனி

உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட பயிற்சி: ஒரு வாரம், ஒவ்வொரு இரவும், அன்று நடந்த மூன்று நல்லவற்றை ஏன் நடந்தது என்ற காரணத்தோடு எழுத வேண்டும். முதல் நாள் ‘குடும்பம், உடல்நலம், வேலை’ என்று எழுதினேன். எனக்கே உறைக்கவில்லை. அந்த ‘ஏன்’தான் உயிர். இன்றைக்கு எழுதியது:

எரிந்து விழும் வாடிக்கையாளர் கடைசியில் நன்றி சொன்னார். ஏன்? குறுக்கே பேசாமல் கேட்டேன். மாலையில் தலைவலி இல்லை. ஏன்? இரண்டு முறை எழுந்து நடந்தேன். மூன்றாவது, பாட்டில் மறுபடியும் என் காகிதங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. இதற்கு ஏன் என்று எழுத முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

தோழி கூப்பிட்டாள். அவள் அம்மாவுக்கு நாளை ஸ்கேன். “ரொம்ப பயமா இருக்கு” என்றாள். “சொல்லுடி” என்றேன். நாற்பது நிமிடம் அவள்தான் பேசினாள். வைக்கும்போது, “நீ வர முடியுமா?” என்று கேட்டாள்.

தலையணைச் சீட்டில் இன்று ஒரே வரி: 10 மணி, அவளோடு.