அமெரிக்காவில் தொழிற்சங்கக் கிளைத் தேர்தலில் மாற்று அணி நிறுத்திய அனுபவம்

பதவியில் ஊறிப்போன நிர்வாகத்தை எதிர்த்து நிற்க முடிவெடுத்ததும் நாங்கள் முதலில் கையில் எடுத்தது கிளையின் விதிப்புத்தகம், அடுத்தது எல்எம்-2 படிவம். ஆண்டு வரவு 2,50,000 டாலரைத் தொட்ட சங்கங்கள் தொழிலாளர் துறைக்கு அனுப்பும் நிதியறிக்கை அது. துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நிர்வாகிகளின் சம்பளமும் படியும் பெயர் வாரியாக இருக்கும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அந்த ஒரு பக்கத்தைக் காட்டினாலே பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

தொழிற்சங்கங்களுக்கான 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி கிளைத் தேர்தல் 3 ஆண்டுக்கு ஒருமுறையாவது, ரகசிய வாக்கெடுப்பாக நடக்க வேண்டும். குறைந்தது 15 நாள் முன்பே அறிவிப்பு வீட்டுக்குத் தபாலில் வர வேண்டும். வீடு மாறியவர்களுக்கு அது போய்ச் சேராது. ஆகவே முகவரியைச் சங்க அலுவலகத்தில் திருத்தச் சொல்வதே முதல் பிரசாரம். வாகனத் தொழிலாளர் சங்கம் 2022இல் முதல் நேரடித் தலைவர் தேர்தலுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வாக்குச்சீட்டு அனுப்பியது. திரும்பியவை ஒரு லட்சத்துச் சொச்சம். மறுசுற்றில் வேட்பாளர் ஷான் ஃபெயின் வென்றது 483 வாக்கு வித்தியாசத்தில்.

வேட்புமனுவில்தான் பலர் விழுகிறார்கள். 'இத்தனை கூட்டங்களுக்கு வந்திருக்க வேண்டும்' என்ற விதி சில கிளைகளில் உண்டு. எஃகுத் தொழிலாளர் கிளை ஒன்றில் அத்தகைய விதி 96.5 சதவீதம் பேரை ஒதுக்கியதால், செல்லாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வழக்கு வருவது தேர்தலுக்குப் பிறகுதான். மாதக் கூட்டங்களுக்கு இப்போதே போய்க் கையெழுத்துப் போடுவது நல்லது.

செலவு முழுவதும் சொந்தப் பணமாக இருக்கட்டும். கம்பெனி ஜெராக்ஸ் மெஷினைத் தொடவே கூடாது. கடை வைத்திருக்கும் நண்பர் கடைக்கணக்கில் துண்டறிக்கை அடித்துக் கொடுத்தாலும் தவறுதான். எந்த முதலாளியின் பணமும் கூடாது என்கிறது சட்டம். துண்டறிக்கையை உறுப்பினர்களுக்கு அனுப்பித் தரும்படி சங்கத்திடம் கேட்கலாம்; செலவு நம்முடையது. வாக்குப்பதிவிலும் எண்ணிக்கையிலும் நம் பார்வையாளர் இருக்க உரிமை உண்டு.

முறைகேடு நடந்தால் முதலில் சங்கத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்ய வேண்டும். இறுதி முடிவு வந்ததிலிருந்து, அல்லது 3 மாதம் பதிலே வராவிட்டால் அதிலிருந்து, ஒரே ஒரு மாதம்தான் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்க அவகாசம். தவறு நடந்தது என்பது மட்டும் போதாது, அது முடிவை மாற்றியிருக்கக்கூடும் என்றும் தெரிய வேண்டும். தோற்ற வித்தியாசம் 200, கைமாறிய சீட்டு 12 என்றால் மறுதேர்தல் கிடைக்காது. சங்கம் வாக்குச்சீட்டுகளை ஓராண்டு வைத்திருந்தாக வேண்டும். அவற்றை அழிக்கக் கூடாது என்று எண்ணிக்கை முடிந்த அன்றே எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.