கொவால்ஸ்கி: ஒரு போலந்துக் குடும்பப்பெயரின் வேரைத் தேடிய அனுபவம்

என் கணவரின் குடும்பப்பெயர் கொவால்ஸ்கி. போலந்தில் நொவாக்கிற்கு அடுத்தபடியாக மிகுதியாக வழங்கும் பெயர் அது. கொல்லரைக் குறிக்கும் 'கொவால்' என்ற சொல்லிலிருந்தும், கொவால், கொவாலே போன்ற ஊர்ப்பெயர்களிலிருந்தும் பல இடங்களில் தனித்தனியே தோன்றியதால், இப்பெயருடைய அனைவரையும் ஒரே வழியினராகக் கொள்ள இயலாது. குதிரைகளையும் ஓநாய்களையும் வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ஆல்ஃபிரெட் வியெருஷ்-கொவால்ஸ்கி (1849–1915) பிரபு குலத்தவர். 1905இல் பிறந்த ஹெலெனா கொவால்ஸ்கா (கொவால்ஸ்கி என்பதன் பெண்பால் வடிவம்), அதாவது புனித ஃபவுஸ்தினா, ஏழை விவசாயக் குடும்பத்துப் பெண். எனவே ஊரும், அது சேர்ந்த தேவாலயப் பங்கும் தெரியாமல் தேடிப் பயனில்லை.

பிறப்புப் பதிவுகள் 100 ஆண்டுகளும், திருமண, இறப்புப் பதிவுகள் 80 ஆண்டுகளும் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் இருந்த பிறகே அரசு ஆவணக் காப்பகத்துக்குச் செல்கின்றன. பேரன் என்ற உரிமையில் என் கணவர் விண்ணப்பித்து, தம் தாத்தாவின் பிறப்புப் பதிவின் முழு நகலைப் பெற்றார். அதில் வுவோத்ஸ்வாவெக் அருகிலுள்ள ஊரின் பெயரும், தாத்தாவுடைய தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் இருந்தன. போலந்து மரபாய்வுச் சங்கத்தின் 'கெனெடேகா' இணையத் தளத்தில் கணவன், மனைவி இருவரின் குடும்பப்பெயர்களையும் சேர்த்துத் தேடிய பிறகுதான் பட்டியல் கைக்கு அடங்கியது.

ரஷ்ய ஆட்சியிலிருந்த அப்பகுதியில் 1868 முதல் பதிவுகள் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டன. அச்செழுத்து தெரிந்தால் போதாது, கையெழுத்தைப் படிக்கத் தனியே பழக வேண்டும். நல்லவேளையாக, நாங்கள் பார்த்த ஏட்டில் ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் போலிஷ் வடிவமும் இருந்தது. ஒரே நிகழ்வுக்கு 12 நாள் இடைவெளியில் இரண்டு தேதிகள் காணப்படுவது ஜூலியன், கிரிகோரியன் நாட்காட்டிகளின் வேறுபாட்டால்தான்.

அதற்கு முந்தைய போலிஷ் பதிவுகளில்தான் எங்கள் தேடல் பலித்தது. மூத்த மகனின் பதிவில் 'கொவால்சிக்' எனப்படும் தந்தை, அதே ஊரில், அதே மனைவியுடன், இளைய மகளின் பதிவில் 'கொவால்ஸ்கி' ஆகிறார். இரண்டு பதிவுகளுமே, பதிய வந்தவர்களுக்கு எழுதத் தெரியாததால் படித்துக் காட்டிப் பங்குத்தந்தை மட்டும் கையொப்பமிட்டதாக முடிகின்றன. ஆகவே பெயரின் வடிவத்தை முடிவுசெய்தது அவர் பேனாவே என்று கருதுகிறேன்.

மன்னர் மூன்றாம் காசிமிர் 1310இல் பிறந்த கொவால் நகரம் அருகிலேயே இருந்தாலும், கொல்லரின் மகனையோ உதவியாளையோ சுட்டும் 'கொவால்சிக்' முந்தியதாக இருப்பதால், எங்கள் குடும்பப்பெயர் ஊரால் அன்றித் தொழிலால் வந்தது என்றே நம்புகிறேன். 1808க்கு முந்தைய லத்தீன் ஏடுகளில் கொல்லரைச் சுட்டும் 'ஃபாபர்' என்ற சொல் இம்முன்னோர் பெயருடன் வருகிறதா என்று அடுத்துப் பார்க்கவிருக்கிறோம்.