நான்கு ட்ராக் கேசட்டில் ஒரு பாட்டு: ‘நெப்ராஸ்கா’ வழியில் பதிவு செய்து பார்த்தேன்

ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ ஆல்பத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். பெரிய அரங்குகளில் முழு இசைக்குழுவோடு உரத்துப் பாடிக்கொண்டிருந்த ஒரு ராக் பாடகர், 1981 செப்டம்பரில் நீண்ட சுற்றுப்பயணம் ஒன்றை முடித்துவிட்டு, நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் பகுதியில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் படுக்கையறையில் உட்கார்ந்து தனியாகப் பாடிப் பதிவு செய்தவைதான் அதிலுள்ள பாடல்கள். அப்போது அவருக்கு வயது 32. குழுவினருக்குப் போட்டுக் காட்டுவதற்கான மாதிரி என்றே அந்தப் பதிவை அவர் நினைத்திருந்தார். பிறகு ஸ்டுடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தபோது அந்த உயிர் வரவில்லை. உறைகூட இல்லாமல் பையில் போட்டு வாரக்கணக்கில் அவர் எடுத்துத் திரிந்த கேசட்டே 1982 செப்டம்பரில் ஆல்பமாக வெளிவந்தது.

என்னிடமும் மூன்று பாடல்கள் இருந்தன. மூன்றும் என் தந்தையும் நானும் பேசிக்கொள்ளாமல் கழித்த ஆண்டுகளைப் பற்றியவை. கணினியில் பதிவு செய்த ஒவ்வொரு முறையும் வயலின், டிரம்ஸ், பின்னணிக் குரல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் சொல்ல வந்தது எங்கோ அடியில் புதைந்துவிடும். ஸ்பிரிங்ஸ்டீனுக்கு இருந்த அளவு வசதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாடலையாவது முடிப்பது என்று தீர்மானித்தேன்.

அவர் பயன்படுத்திய கருவி டாஸ்கம் போர்ட்டாஸ்டுடியோ 144. சாதாரண கேசட்டில் நான்கு ட்ராக்குகளை, அதாவது தனித்தனி ஒலித் தடங்களை, பதிவு செய்ய வந்த முதல் கருவி அது. 1979-இல் சந்தைக்கு வந்தது. இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகளை வைத்து, குரலையும் கிதாரையும் சேர்த்தே இரண்டு ட்ராக்குகளில் பதிவு செய்தார். மீதமிருந்த இரண்டில் மவுத் ஆர்கன், மாண்டலின், இரண்டாம் குரல் போன்றவை ஏறின. நான் அதே வகையைச் சேர்ந்த ஒரு பழைய கருவியைத் தேடி வாங்கினேன். மைக்குகள் அதே எஸ்எம்57தான்.

முதல் வாரம் முழுவதும் துடைப்பதிலேயே போனது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியை, நாடா உரசிச் செல்லும் ஹெட்டின் மேல் மெல்ல உருட்டியபோது, பல ஆண்டுகளாக நாடாக்கள் உதிர்த்திருந்த துகள் செம்பழுப்பு நிறத்தில் பஞ்சில் ஏறியது. ஆறாவது குச்சிதான் வெள்ளையாகவே திரும்பியது. அதற்கு முன் மந்தமாகக் கேட்ட மூன்றாம் ட்ராக், அதன் பிறகு மற்ற மூன்றோடு சமமாகத் தெளிந்தது.

இந்தக் கருவிகளைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. வழக்கமான கேசட்டில் இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து இருக்கும் நான்கு ட்ராக்குகளையும் இவை ஒரே திசையில் பயன்படுத்துகின்றன. நாடாவும் இரட்டை வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர் ஓடுகிறது. எனவே 60 நிமிடக் கேசட்டில் கிடைப்பது 15 நிமிடம் மட்டுமே. பதிவு செய்த கேசட்டைச் சாதாரண பிளேயரில் போட்டால் ஒரு பக்கத்தில் முதல் இரண்டு ட்ராக்குகள் பாதி வேகத்தில் கேட்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் தலைகீழாகக் கேட்கும்.

இரண்டாம் வாரம் பாடத் தொடங்கினேன். குரலுக்கான மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் அகலத்தில் வைத்தேன். அவ்வளவு நெருக்கத்தில் எஸ்எம்57 அடிக்குரலைக் கூட்டிக் காட்டும் என்பதால் சத்தத்தை உயர்த்தாமலே குரலில் கனம் இருந்தது. இன்னொரு மைக் கிதாரின் பன்னிரண்டாம் ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பியை) நோக்கியிருந்தது. குரல் மைக்கில் கிதாரும், கிதார் மைக்கில் குரலும் கசிவதைத் தடுக்கவே முடியாது. ஆகவே ஒரு வரி தவறினால் அதை மட்டும் வெட்டி ஒட்ட வழியில்லை. முதலிலிருந்து பாடியாக வேண்டும். ‘நெப்ராஸ்கா’வில் கிதாரும் குரலும் ஒரே மூச்சாகக் கேட்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மாலையில் பதினான்கு முறை பாடினேன். ஏழாவது முறைக்குப் பிறகு சரணத்தின் ஒரு குறிப்பிட்ட வரி வரும்போதெல்லாம் என் குரல் தானாகவே இறுகுவதைக் கவனித்தேன். “நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை” என்று தந்தையைக் குற்றம் சாட்டும் வரி அது. எழுதும்போது உண்மையாகத் தெரிந்தது, திரும்பத் திரும்பப் பாடும்போது வழக்காடுவதுபோல ஒலித்தது.

அன்றிரவு ஆல்பத்தின் தலைப்புப் பாடலை மீண்டும் கேட்டேன். 1958-இல் நெப்ராஸ்காவிலும் வயோமிங்கிலும் பலரைக் கொன்ற சார்லஸ் ஸ்டார்க்வெதரின் கதை அது. ஸ்பிரிங்ஸ்டீன் அதைக் கொலைகாரனின் வாயிலிருந்தே, ‘நான்’ என்று, எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் தாழ்ந்த குரலில் பாடுகிறார். தன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்தப் பாடலில்தான் அவருடைய தனிமை எனக்கு மிக அருகில் கேட்கிறது. இந்த ஆல்பத்தின் முதிர்ச்சி என்று நான் கருதுவது இதைத்தான்: தன் மனத்தைத் தோண்டுவதற்கு இன்னொருவரின் குரலுக்குள் போய் உட்காரத் துணிவது.

மறுநாள் சரணத்தை மாற்றி எழுதினேன். இப்போது பேசுவது தந்தை. வேலை முடிந்து வந்து, மகனின் அறைக் கதவருகே நின்று, உள்ளே கிதார் கேட்பதால் தட்டாமல் திரும்பிப் போகும் ஒரு மனிதர். அப்படி நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நடந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. புதிய வரிகளோடு மூன்றாவது முறை பாடியதையே வைத்துக்கொண்டேன். இரண்டாம் சரணத்துக்கு முன் நாற்காலி கிறீச்சிட்டது பதிவாகியிருக்கிறது; அதை நீக்க முடியாது, நீக்கவும் விரும்பவில்லை.

மூன்றாம் ட்ராக்கில் மவுத் ஆர்கன் மட்டும் சேர்த்தேன். நான்காவதில் பாடிப் பார்த்த இரண்டாம் குரல் தந்தையின் தனிமையைக் கெடுத்ததால் அழித்துவிட்டேன். ட்ராக்குகளை ஒன்றாகக் கலந்து மிக்ஸ் செய்வதில் சொல்ல அதிகம் இல்லை. ஸ்பிரிங்ஸ்டீன் தன் பாடல்களை எக்கோப்ளெக்ஸ் எதிரொலிக் கருவி வழியாக ஒரு பானசோனிக் பூம்பாக்ஸில் இறக்கினார். நானும் ஓர் எதிரொலி பெடல் வழியாக இன்னொரு கேசட்டில் இறக்கினேன். எதிரொலியைக் கூட்டக் கூட்டப் பாட்டு ‘நெப்ராஸ்கா’வின் நகலாக மாறியதால், கடைசிச் சொற்களில் மட்டும் லேசாகக் கேட்கும் அளவுக்குக் குறைத்தேன். ஒலி அளவு குறைந்துவிடாதபடி பதிவின் லெவல் முள்ளைச் சிவப்புக் கோட்டை ஒட்டியே வைத்திருந்தேன். குறைந்த ஒலி அளவில் பதிவாகியிருந்த அவருடைய கேசட்டை எல்பி தட்டுக்கு மாற்றுவதே பெரும் பாடாக இருந்தது என்பதைப் படித்ததிலிருந்து அந்த எச்சரிக்கை எனக்கு உண்டு.

முடிந்த பாடல் 4 நிமிடம் 10 வினாடி. மற்ற இரண்டிலும் இன்னும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றை என் தாயின் குரலில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் நான்கு வரிகள் வந்திருக்கின்றன, கிதார் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேபோவை மூன்றாம் ஃபிரெட்டில் வைத்துப் பாடினால் சுருதி சரியாக உட்காருகிறது.